ராஜராஜன் கல்வெட்டில் ‘கோயில்’ என்றால் அரண்மனை

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைச் சுற்றி நடக்கும்போது, அடித்தளத்தில் வரிவரியாக எழுத்துகள் ஓடுவதைப் பார்க்கலாம். ‘நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்’ கல்லிலே வெட்டுக என்று ராஜராஜ சோழன் வாய்மொழியாக இட்ட ஆணை அங்கேதான் இருக்கிறது. மன்னனின் 26ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1010ஐ ஒட்டிய காலம். பலரும் மேற்கோள் காட்டும் கல்வெட்டு இது. ஆனால் அதே கல்வெட்டில் இருக்கும் இன்னொரு சொல்லைப் பெரும்பாலானோர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

அந்த ஆணையை இடும்போது மன்னன் எங்கே இருந்தான் என்பதையும் கல்வெட்டு சொல்கிறது. ‘தஞ்சாவூர்க் கோயிலினுள்ளால்’ ஒரு திருமஞ்சன சாலையில் தானம் செய்துகொண்டு இருந்தானாம். இன்றைய பொருளில் படித்தால் ராஜராஜன் பெரிய கோயிலுக்குள் இருந்ததாகத் தோன்றும். அப்படி இல்லை. இங்கே கோயில் என்பது அவனுடைய அரண்மனை. திருமஞ்சன சாலை அரண்மனையின் நீராட்டு மண்டபம். அப்படியானால் நாம் பெரிய கோயில் என்று சொல்லும் கட்டடத்துக்குக் கல்வெட்டு தரும் பெயர் என்ன? ‘நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி ஸ்ரீராஜராஜீஸ்வரம்’. தளி என்றால் இறைவனின் இருப்பிடம். கல்லால் ஆன தளி, கற்றளி.

ஒரே கல்வெட்டில் கோயில் அரண்மனையாகவும், கோயிலாக நாம் அறிந்தது தளியாகவும் நிற்கின்றன. இன்னொன்றும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். மன்னனைக் குறிக்கும்போது ‘உடையார் ஸ்ரீராஜராஜ தேவர்’. இறைவனைக் குறிக்கும்போது ‘ஸ்ரீராஜராஜீஸ்வரம் உடையார்’. இருவருமே உடையார், அதாவது தலைவர். கோயில் என்ற சொல்லின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

சொல்லின் அமைப்பு எளிது. கோ என்றால் அரசன், தலைவன். இல் என்றால் வீடு. தலைவன் இருக்கும் வீடு கோயில். வழிபாடு என்ற கருத்து இந்தச் சொல்லின் உள்ளே எங்கும் இல்லை. பூசை, சிலை, மதம் எதுவும் இல்லை. ஒருவர் வீட்டோடு இருக்கிறார், அவர் நம்மைவிடப் பெரியவர், அவ்வளவுதான்.

சங்கப் பாடல்களில் இது தெளிவாகத் தெரிகிறது. புறநானூற்றின் 67ஆம் பாட்டில் பிசிராந்தையார் ஓர் அன்னச் சேவலைப் பார்த்துப் பேசுகிறார். வடக்கே போகும் வழியில் உறையூரில் இறங்கி, வாயிற்காவலரிடம் அனுமதி கேட்டு நிற்காமல் நேரே கோயிலுக்குள் புகுந்து, கோப்பெருஞ்சோழன் காதில் படும்படி என் பெயரைச் சொல் என்கிறார். ‘வாயில் விடாது கோயில் புக்கு’ என்பது வரி. நண்பனின் அரண்மனைதான் அந்தக் கோயில்.

அதே நூலின் 241ஆம் பாட்டு இன்னும் சுவையானது. ஆய் அண்டிரன் என்ற வள்ளல் இறந்துபோனான். அவன் வருகிறான் என்று விண்ணுலகில் ‘வச்சிரத் தடக்கை நெடியோன் கோயிலுள்’ முரசு முழங்கியதாம். வச்சிரம் ஏந்தியவன் இந்திரன். இங்கே கோயிலில் ஒரு தெய்வம் இருக்கிறது. ஆனால் யாரும் அங்கே போய்த் தொழவில்லை. இந்திரன் தன் அரண்மனையில் விருந்தாளியை வரவேற்கிறான். தெய்வத்தை அரசனாகப் பார்த்துவிட்டால் அவனுக்கும் ஒரு கோயில் உண்டு என்று நினைப்பது இயல்புதானே. சொல் மன்னன் வீட்டிலிருந்து தெய்வத்தின் வீட்டுக்கு நகர்ந்த வழியை இந்தப் பாட்டு காட்டுகிறது என்பது என் எண்ணம்.

சரி, அப்போது மக்கள் தொழுத இடங்களுக்கு என்ன பெயர்? பட்டினப்பாலையில் ‘கந்துடைப் பொதியில்’ என்று ஓர் இடம் வருகிறது. ஊர்ப் பொதுமன்றம், நடுவே ஒரு தூண், மெழுகிய தரை, பூ, அணையாத விளக்கு. வெளியூர்க்காரர்கள் தங்கவும் செய்வார்கள், பலரும் வந்து தொழவும் செய்வார்கள். திருமுருகாற்றுப்படை முருகன் இருக்கும் இடங்களை அடுக்கும்போது காடு, சோலை, ஆற்றிடைத் தீவு, குளம், நாற்சந்தி, புதிதாய்ப் பூத்த கடம்பமரம், மன்றம், பொதியில் என்று போகிறது. இவற்றில் பாதிக்குச் சுவரும் கூரையும் கிடையாது. இன்றும் அய்யனாருக்கு மரத்தடியில் மண்குதிரை மட்டுமே நிற்கும் இடத்தை நாம் கூசாமல் கோயில் என்றுதான் சொல்கிறோம். கட்டடம் இருந்தால்தான் கோயில் என்று கிராமத்தில் யாரும் நினைப்பதில்லை.

சொற்கள் பலவும் ஒரே நேரத்தில் புழங்கிய காலத்தைச் சிலப்பதிகாரம் படம்பிடித்து வைத்திருக்கிறது. கோவலன் மதுரையை நெருங்கும் அந்த விடியற்காலையில் நகரிலிருந்து முரசொலி கேட்கிறது. எங்கெங்கிருந்து என்று ஊர்காண் காதை சொல்கிறது. நெற்றிக்கண் இறைவனுக்குக் கோயில், கருடக்கொடி உயர்த்தவனுக்கு நியமம், கலப்பை ஏந்திய பலராமனுக்கு நகரம், கோழிக்கொடியோனுக்குக் கோட்டம், அறவோருக்குப் பள்ளி. இவற்றுக்குப் பிறகு ‘மறத்துறை விளங்கிய மன்னவன் கோயிலும்’. ஆறு வரிகளுக்குள் சிவனின் கோயிலும் பாண்டியனின் கோயிலும் வந்துவிடுகின்றன. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டதில் இளங்கோவடிகளுக்கோ அவர் காலத்துக் கேட்போருக்கோ குழப்பம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. கண்ணகி நீதி கேட்டுப் போனதும் கோயிலுக்குத்தான். அங்கே இருந்தவன் நெடுஞ்செழியன்.

இந்தப் பட்டியலில் இருந்த நியமமும் நகரமும் வழிபாட்டிடம் என்ற பொருளை இழந்துவிட்டன. கோட்டம் அங்கங்கே பெயர்களில் தங்கியிருக்கிறது. தளி கல்வெட்டுகளில் நூற்றாண்டுக் கணக்கில் ஆண்டது. பெரிய கோயிலில் ஆடல் பணிக்காக ராஜராஜன் குடியேற்றிய 400 பெண்களைக் கல்வெட்டு தளிச்சேரிப் பெண்டுகள் என்கிறது. காஞ்சி மேற்றளி, பழையாறை வடதளி என்று தேவாரத் தலங்களின் பெயரிலும் தளி உண்டு. கோழிக்கோட்டில் தளி கோயில் இன்றும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. தமிழ்ப் பேச்சில் அது போய்விட்டது. கோயில் மட்டும் எல்லாவற்றையும் விழுங்கி நின்றது.

ஏன் கோயில் வென்றது? பக்தி இயக்கம்தான் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நாயன்மார்களும் ஆழ்வார்களும் தங்கள் இறைவனை ஓர் அரசனாகவே பாடினார்கள். மனிதனுக்கு அடிமையாக மாட்டோம், அவனுக்கே ஆட்பட்டோம் என்பது அவர்களின் குரல். அரசன் என்றால் அவனுக்குக் கோயில் வேண்டும். அப்பர் ‘திருக்கோயில் இல்லாத திருவில் ஊரும்’ என்று தொடங்கி, அப்படிப்பட்டது ஊரே இல்லை, காடு என்கிறார். இன்னொரு பாட்டில் பெருங்கோயில், கரக்கோயில், ஞாழற்கோயில், கொகுடிக்கோயில், இளங்கோயில், மணிக்கோயில், ஆலக்கோயில் என்று வகைகளையே அடுக்குகிறார். அவர் காலமான 7ஆம் நூற்றாண்டில் இவை பெரும்பாலும் செங்கல்லும் மரமும் சேர்ந்த கட்டடங்கள். மேலக்கடம்பூர் கரக்கோயில் என்றும், திருக்கச்சூர் ஆலக்கோயில் என்றும், திருமீயச்சூரில் ஒரு சன்னிதி இளங்கோயில் என்றும் இன்றும் வழங்குகின்றன.

அரசனின் வீடு என்ற கருத்து பெயரோடு நிற்கவில்லை. உள்ளே நடப்பது முழுவதும் அரண்மனை நடைமுறைதான். காலையில் திருப்பள்ளியெழுச்சி பாடி எழுப்புகிறார்கள். திருமஞ்சனம் ஆட்டுகிறார்கள். குடை, சாமரம், பல்லக்கு, யானை, குதிரை வாகனம், வீதியுலா, இரவில் பள்ளியறை. ராஜராஜன் உட்கார்ந்திருந்த அதே திருமஞ்சன சாலை என்ற பெயர்தான் இறைவனின் நீராட்டிலும் வருகிறது. பெருமாள் என்ற சொல்லும் இப்படித்தான். சேரமான் பெருமாள் என்றால் அரசர், வரதராஜப் பெருமாள் என்றால் சாமி.

அப்புறம் அரண்மனைகள் அழிந்தன. சோழர் அரண்மனைகள் செங்கல்லிலும் மரத்திலும் எழுந்தவை. கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் இப்போது மிஞ்சியது அடித்தளம்தான். பக்கத்திலேயே இறைவனின் கற்றளி முழுதாக நிற்கிறது. கண் முன்னால் நின்ற கட்டடம் சொல்லைத் தனக்கு எடுத்துக்கொண்டது. அரசர் வீட்டுக்கு அரண்மனை, மாளிகை என்று வேறு சொற்கள் நிலைத்தன.

எந்தக் கோயில் என்று சொல்லாமல் வெறுமனே ‘கோயில்’ என்றாலே ஓர் ஊரைக் குறிக்கும் வழக்கமும் வளர்ந்தது. சைவருக்கு அது சிதம்பரம். உமாபதி சிவாசாரியார் 14ஆம் நூற்றாண்டில் பாடிய கோயிற்புராணம் தில்லையின் புராணம். வைணவருக்கு அது திருவரங்கம். அந்தக் கோயிலின் பழைய நடைமுறைகளைச் சொல்லும் நூலின் பெயர் கோயிலொழுகு. கோயில், திருமலை, பெருமாள் கோயில் என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் வைணவர் உடனே புரிந்துகொள்வார்கள்: திருவரங்கம், திருப்பதி, காஞ்சி வரதர். வைணவ மரபு கோயிலையே ஓர் அடியாராகப் பார்க்கவும் செய்கிறது. வீட்டுப் பெருமாளை எழுந்தருளச் செய்யும் பெட்டகத்துக்குக் கோயிலாழ்வார் என்று பெயர். திருமலையில் ஆண்டுக்கு நான்கு முறை கருவறைச் சுவர்களையும் கூரையையும் நறுமணக் கலவை பூசிக் கழுவும் சடங்கு கோயிலாழ்வார் திருமஞ்சனம். கட்டடத்துக்கே திருமஞ்சனம்!

செட்டிநாட்டில் இந்தச் சொல் உறவுமுறையாகவே மாறிவிட்டது. நகரத்தார் இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயில்களாகப் பிரிந்திருக்கிறார்கள். திருமணப் பேச்சில் ‘என்ன கோயில்?’ என்று கேட்டால், எங்கே கும்பிடுகிறீர்கள் என்பது கேள்வி இல்லை. நீங்கள் யாருக்குப் பங்காளி என்பதுதான் கேள்வி.

பழைய பொருளைக் காப்பாற்றியது மலையாளம். அங்கே சாமி இருக்கும் இடம் அம்பலம், க்ஷேத்திரம். அரச குடும்பத்தின் வீடு கோவிலகம். நிலம்பூர் கோவிலகம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கேரளவர்மா வலிய கோயித்தம்புரான் என்ற புகழ்பெற்ற கவிஞரின் பட்டத்தில் உள்ள ‘கோயி’யும் அரண்மனைதான். நெடுமங்காட்டில் கோயிக்கல் அரண்மனை இருக்கிறது. ராஜராஜன் கல்வெட்டைக் கேரளத்துக்காரர் ஒருவர் படித்தால், அந்த வரியில் நம்மைவிடக் குறைவாகத்தான் தடுமாறுவார். தெலுங்கில் கோவெல என்றால் சாமி கோயில். அங்கே நம் இன்றைய பொருளே நிலைத்தது.

இப்போது இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். கோயில் என்பது ஒரு மதத்தின் கட்டடத்துக்கு மட்டும் உரிய பெயர், மற்றவர்களுக்கு வேறு பெயர் இருக்கிறது என்ற எண்ணம் நகரங்களில் மெல்லப் பரவுகிறது. இது தமிழின் வழக்கத்துக்கே முரணானது.

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிறிஸ்தவர் வீட்டில் ‘கோயிலுக்குக் கிளம்பியாச்சா?’ என்றுதான் கேட்பார்கள். சுற்றியுள்ள இந்துக்கள் அதை வேதக்கோயில் என்பார்கள். கிறிஸ்தவத்தை வேதம் என்று சொல்லும் பழைய வழக்கிலிருந்து வந்த பெயர் அது. கோயில்பிள்ளை என்பது தென்மாவட்டக் கிறிஸ்தவர்களிடம் உள்ள இயல்பான பெயர். வேளாங்கண்ணி மாதா கோயில், கோட்டாறு சவேரியார் கோயில் என்று சொல்லும்போது எந்த மதத்தவர் நாக்கும் தயங்குவதில்லை. கத்தோலிக்கர் தங்கள் கோயிலில் பூசை என்கிறார்கள், கொடியேற்றம், சப்பரம், தேர், திருவிழா என்கிறார்கள். இவை யாரிடமிருந்தோ இரவல் வாங்கிய சொற்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுடைய தாய்மொழியில் இருந்த சொற்கள், அவர்கள் பயன்படுத்தினார்கள்.

விவிலிய மொழிபெயர்ப்பில் இதற்கு ஒரு தனிக் கதை உண்டு. சீர்திருத்தத் திருச்சபையினர் நெடுங்காலமாகப் படிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் எருசலேமில் இருப்பது தேவாலயம், ஆலயம். தாகோன், பாகால் போன்ற பிற தெய்வங்களுக்கு இருப்பது கோவில். தங்களுடையதையும் மற்றவருடையதையும் பிரித்துக் காட்ட மொழிபெயர்ப்பாளர்கள் தேர்ந்த வழி அது. 1995இல் வந்த திருவிவிலியம் அந்தப் பிரிவினையைக் கைவிட்டது. அதில் எருசலேமில் இருப்பதும் கோவில்தான். எனக்கு இதில் வியப்பு வேறு இடத்தில். தலைமுறை தலைமுறையாகப் பழைய மொழிபெயர்ப்பையே படித்த நெல்லைக் கிறிஸ்தவர்கள், வீட்டுக்கு வந்ததும் தங்கள் இடத்தையே கோயில் என்று சொன்னார்கள். ஏட்டில் இருந்த வேலி பேச்சில் ஏறவில்லை.

தேவாலயம் என்ற சொல்லும் ஒரு மதத்துக்கு எழுதிவைத்தது இல்லை. ஆலயம் என்றால் வடமொழியில் தங்குமிடம். பனி தங்கும் இடம் இமாலயம், கல்விக்கு வித்யாலயம். ஆன்மா லயிக்கும் இடம்தான் ஆலயம் என்று மேடைகளில் அழகாகச் சொல்வார்கள், அது பிற்கால விளக்கம். தமிழ்நாட்டில் தேவாலயம் என்றால் கிறிஸ்தவருடையது. இலங்கையில் சிங்களவர் கதிர்காமத்து முருகன் இருப்பிடத்தைத் தேவாலய என்கிறார்கள். தமிழர்கள் கும்பிடும் இடத்துக்குச் சிங்களத்திலும், இலங்கை ஆங்கிலத்திலும் கோவில் என்றே பெயர்.

பள்ளி இதைவிட நீளமாகப் பயணம் செய்த சொல். படுக்கை, உறைவிடம் என்பது மூலப்பொருள். சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடம் பள்ளி ஆனது. அவற்றுக்கு விட்ட நிலம் பள்ளிச்சந்தம். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எடுத்த சூளாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடு, அந்த விகாரத்தையும் பள்ளி என்கிறது. துறவியர் பாடம் சொன்னதால் பள்ளி கல்விக்கூடமானது. தமிழ் முஸ்லிம்கள் தங்கள் தொழுமிடத்துக்குப் பள்ளிவாசல் என்று பெயர் வைத்தபோது இந்த மண்ணின் மிகப் பழைய சொற்களில் ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டார்கள். கேரளத்தில் மசூதியும் பள்ளி, கிறிஸ்தவர் கோயிலும் பள்ளி.

கடல் கடந்தும் கோயில் போயிருக்கிறது. மலாய் மொழியிலும் இந்தோனேசிய மொழியிலும் ‘கூயில்’ என்றொரு சொல் உண்டு. நம் கோயில்தான். பத்துமலை முருகன் கோயில் மலாயில் கூயில். அங்கே அதன் பொருள் இன்னும் விரிந்துவிட்டது. ஜப்பானின் ஷிண்டோ கோயில்களும், பழைய கிரேக்கத்தின் ஜீயஸ் கோயிலும் இந்தோனேசியர் எழுத்தில் கூயில்தான். ஜீயஸுக்குத் தமிழ்ப் பெயரில் ஒரு வீடு!

கடைசியாக, எல்லோரும் கேட்கும் கேள்வி. கோயிலா, கோவிலா? நன்னூல் விதிப்படி இ, ஈ, ஐ ஆகியவற்றுக்குப் பின் யகரமும், ஏகாரத்துக்குப் பின் இரண்டும், மற்ற உயிர்களுக்குப் பின் வகரமும் உடம்படுமெய்யாக, அதாவது இரண்டு உயிர்களை இணைக்க நடுவே தோன்றும் மெய்யாக வரும். கோ ஓகாரத்தில் முடிவதால் கோவில் என்பதே சரி என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். ஆனால் நன்னூலுக்கு மிக முந்திய புறநானூற்றிலும் சிலப்பதிகாரத்திலும் தேவாரத்திலும் சோழர் கல்வெட்டுகளிலும் நாம் படிப்பது கோயில்தான். தொல்காப்பியம் உடம்படுமெய் வரலாம் என்று சொன்னதே தவிர, எந்த உயிருக்கு எது என்று வகுக்கவில்லை. மா என்பதோடு இரு சேரும்போது ‘மாயிரு ஞாலம்’ என்று யகரம் வருவதையும் பார்க்கிறோம். பின்னால் இகரம் வந்தால் நாக்கு யகரத்தை நாடுவது இயல்பு. கோயில் என்றால் அரண்மனை, கோவில் என்றால் சாமி இருக்குமிடம் என்று பிரிப்போரும் உண்டு. கல்வெட்டுகள் அதற்கு இடம் தரவில்லை.

ஆகவே இரண்டையும் எழுதலாம். அறநிலையத் துறை திருக்கோயில் என்று எழுதுகிறது, நானும் கோயில் என்றே எழுதுகிறேன். ஊர்ப்பெயர் என்றால் மட்டும் அந்த ஊர்க்காரர்கள் எழுதுவதை மாற்றக்கூடாது. நாகர்கோவில், சங்கரன்கோவில் இரண்டுக்கும் வகரம். காளையார்கோயில், ஆவுடையார்கோயில் என்று யகரத்தோடு எழுதும் ஊர்ப்பெயர்களும் உண்டு. நாகர்கோவிலுக்குப் பெயர் தந்த நாகராஜா கோயிலின் தூண்களில் மகாவீரரும் பார்சுவநாதரும் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் சமணர் வழிபட்ட இடம் அது. வழிபட்டவர்கள் மாறினார்கள், ஊர் அதே பெயரோடு இருக்கிறது.